உன் வீக்கத்துக்கு நான் சொன்ன காரணம்

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்குள் இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. நம் காஜா பேராங் சாலையில் வீட்டுக்கு வீடு கொடி கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறிவிட்டார். நான் அதே வார்டில் அதே நர்ஸாக, நோயாளிகள் கூப்பிடும் அதே மிசியாகத்தான் இருக்கிறேன். குணமும் அதேதான். பால்காரரைப் பார்த்தால், இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் கலந்திருப்பார் என்றுதான் முதலில் தோன்றுகிறது. "சி.ஐ.டி. வந்துட்டா, எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க" என்று கேலி செய்வாயே, அந்தக் குணம்.

உன் மேல் வைத்த சந்தேகம் மட்டும் சிரித்து விடக்கூடியதாக இல்லை. வசந்தி பிறந்ததும் அவள் தலையில் கை வைத்து, இனிமேல் கள்ளைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். அண்ணி நம்பினாள். நான் நம்பவில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்?

எட்டு வருஷம் கழித்து உன் கால் வீங்கியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, தள்ளாடினாய். காலையில் வந்து பார்த்தால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பாய். உன் டம்ளரை முகர்ந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போத்தல் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிர குறைக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகவா ஒளிக்கிறாய் என்று கோபம்தான் வந்தது.

நர்ஸ் படிப்பில் வீக்கத்துக்கென்றே எங்களுக்கு ஒரு பக்கம் நிறைய வார்த்தைகள் இருந்தன. காலில் நீர் கோத்தால் எடீமா. வயிற்றில் கோத்தால் அசைட்டிஸ், நாட்டு வைத்தியர்கள் மகோதரம் என்பார்களே, அது. கல்லீரல் பெருத்தால் ஹெபடோமெகாலி, இதயம் பெருத்தால் கார்டியோமெகாலி. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து முதல் மார்க் வாங்கியவள் நான். எது வீங்கியது என்று அவை சொல்லும், எதனால் என்று சொல்லாது. உன் விஷயத்தில் அந்த மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

உன்னை வார்டில் சேர்த்த அன்று அந்த வெள்ளைக்கார டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கல்லீரல் பெருத்திருக்கிறது என்றார். தமிழ் நோயாளிகளுக்குக் கேள்வியையும் பதிலையும் மொழிபெயர்ப்பது என் வேலை. குடிப்பாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இல்லம்மா. புள்ள தலையில கை வச்சவன் நான். எட்டு வருசமா தொடல" என்றாய், என் கண்ணைப் பார்த்து.

நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில், "தினமும் குடிப்பார், மறைக்கிறார்" என்றேன். உனக்கு ஆங்கிலம் தெரியாது. தங்கச்சி நமக்காகப் பேசுகிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டினாய், அண்ணே.

பதினோராம் நாள் கண்ணை மூடிவிட்டாய். நீ சத்தியத்தை மீறிவிட்டாய் என்று அண்ணியிடம் சொன்னதும் நான்தான்.

போன மாதம் செங் கிராமத்திலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். அதே கால், அதே வயிறு, உட்கார்ந்தபடியே தூக்கம். அவரைப் போய்க் குடிப்பீர்களா என்று யார் கேட்பார்கள்? புது டாக்டருக்கு மலாய் தெரியும், நடுவில் ஆள் தேவைப்படவில்லை. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், எக்ஸ்ரே எடுத்தார். இதயம் பெருத்து, ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாமல் போனதால்தான் கல்லீரலும் காலும் வீங்கின என்றார். மருந்து கொடுத்தார். மூன்று வாரத்தில் அந்தப் பெரியவர் தன் காலால் நடந்து போய் பஸ் ஏறினார்.

பழைய கட்டுகளில் உன் கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன். 'தினமும் குடிப்பவர். மிசி சொன்னது.' இதயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உனக்கும் அதுதானா? இனி யார் சொல்ல முடியும்? ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், என்னை ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?

வசந்திக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. லேசாகக் காய்ச்சல் அடித்தாலும், "அப்பன் மீறுன சத்தியம் புள்ள தலையில விடியுது" என்று அண்ணி அழுகிறாள். அதற்குப் பரிகாரமாக வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் பிள்ளைக்கு மொட்டை. இடுப்பு வரைக்கும் பின்னல் தொங்குகிறது அவளுக்கு. "அத்தை, அப்பா குடிச்சதுக்கு என் முடிய எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

அண்ணி என்னைச் செருப்பால் அடிக்கலாம். இனி வாசலை மிதிக்காதே என்று சொல்லலாம். அந்த வீட்டைத் தவிர எனக்கென்று யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் நேரே அங்கேதான் போகிறேன். சொல்லிவிட்டு வந்து இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவேன், உன்னைக் குடிகாரன் என்ற ஊரும் படிக்கட்டும். வசந்தியையும் பக்கத்தில் உட்காரவைத்து, "அண்ணி, அண்ணன் இல்லன்னுதான் சொன்னாரு. ஆமான்னு சொன்னது நான்" என்பேன். இந்தத் தடவை உன் பதிலை மாற்ற மாட்டேன், அண்ணே. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தும் உன்னை நம்பாத தங்கச்சி,
சரோஜா