பீட்ரூட் பார்த்த வேலை

மார்ச் 3

அன்புள்ள வாண்டுக்கு,

சனிக்கிழமை காலையில் உன் அப்பன் செத்துப் பிழைத்தான். கழிப்பறையில் பார்த்தால் ஒரே சிவப்பு. ரத்தம்தான் என்று முடிவுகட்டி, உன் அம்மாவை எழுப்பி, பீரோ சாவி இருக்கும் இடம்வரை சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார். பீட்ரூட் ஜூஸ், சொம்பு நிறைய. நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவனுக்குச் சாயம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை!

எல்லாம் நீ அனுப்பிய கட்டுரையால் வந்தது. காய்களின் நிறத்திலேயே மருந்து இருக்கிறதாமே? அதனால் பிரஷர் மாத்திரைக்கு லீவு கொடுத்துவிட்டேன். நேற்று ஏணியில் லேசாகத் தலை சுற்றியது. வெயில்தான்.

அன்புடன் அப்பா


மார்ச் 10

அப்பா,

சிரித்துக்கொண்டேதான் படித்தேன், "லீவு" வரும்வரை.

சிவப்பைப் பற்றிப் பயம் வேண்டாம், சிலருக்கு அப்படித்தான் இறங்கும். பீட்ரூட் பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும். தக்காளியை எண்ணெயில் வதக்கினால் அதன் சிவப்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். ஆனால் இதெல்லாம் மாத்திரைக்குத் துணைக்கு நிற்கிற ஆள், அதன் வேலையைப் பார்க்கிற ஆள் இல்லை. நான் இங்கே ஆய்வுக்கூடத்தில் நிறம் பிரித்துக்கொண்டிருக்க, நீங்கள் அங்கே ஏணியிலிருந்து விழவா?

ஆய்வை முடிக்க இங்கேயே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களை நம்பி எப்படி இருப்பேன்? முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

உங்கள் வாண்டு


மார்ச் 18

தாயே,

கடிதம் வந்த அன்றே மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். போன தடவை பீட்ரூட்டோடு விட்ட டாக்டர் இந்தத் தடவை காய்ச்சி எடுத்துவிட்டார். பிரஷர் இறங்கியிருக்கிறது. என் வாயை நீ நம்பமாட்டாய், டாக்டர் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏணியில் இப்போது என் கூட்டாளி ஏறுகிறான், நான் கீழே நின்று குறை சொல்கிறேன். எனக்கென்றே செய்த வேலை.

தக்காளி விஷயத்தைச் சொன்னேன். "கல்யாணமான நாள்லேர்ந்து வதக்கித்தான் போடறேன். இப்ப மக சொன்னதும் மருந்தாயிடுச்சாக்கும்!" என்கிறாள் உன் அம்மா.

நீ அங்கேயே இரு. சரியென்று எழுதிக் கொடு.

நேற்று மாத்திரையை வாயில் போடும்போது உன் அம்மா கேட்டாள்: "நான் தொண்டை கிழிய கத்தினப்பல்லாம் போடாத மனுஷன், இப்ப பக்தியா முழுங்கறீங்களே, யாருக்காக?"

வாயில் தண்ணீர் இருந்ததால் தப்பித்தேன். நீ திரும்பி வருகிற அன்று, உன் பெட்டியை மூன்று மாடியும் நானே தூக்கி வரவேண்டும் என்று அவளிடம் சொல்லவில்லை.

அப்பா