கிண்ணத்தின் உட்புறம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் தொடங்கச் சொன்னேன், ஆனால் உன்னிடம் மறைப்பானேன், வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. உன் இருமல் விட்டதா, முலாம் பட்டறைப் புகையில் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறாயா?

கோயிலைத் திறந்து, பூசைப் பாத்திரங்களைத் துலக்கி வைக்கும் அப்பாவின் கோயில்பிள்ளை வேலை ஊசலாடுகிறது. திங்கட்கிழமை பங்குச்சாமி கூப்பிட்டு, பூசைக் கிண்ணம் பாழாகிவிட்டது, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றாராம். எப்படிப் பாழானது என்றுகூட அப்பா கேட்கவில்லை. "என் கைதான் பட்டிருக்கும் சாமி, கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு கண்ணைப் பொத்திக் காலண்டரைப் படிக்கிறார், பிறகு மறு கண்ணைப் பொத்திப் படிக்கிறார்.

உன் மேஸ்திரி பூசைக் கிண்ணம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, பார்த்தே வளர்ந்தும் விளக்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். இப்படிச் சொல். அகலமான பாதம், அதன்மேல் தண்டு, தண்டின் நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு குமிழ், உச்சியில் குழிந்த கிண்ணம். பூசையில் திராட்சை ரசம் ஊற்றிச் சாமி உயர்த்திக் காட்டுவது அதைத்தான், தாகத்துக்கு யாரும் அதில் தண்ணீர் குடிப்பதில்லை. மற்றதையெல்லாம் டம்ளர், லோட்டா என்போம், அதை மட்டும் திருக்கிண்ணம் என்போம். தாங்க முடியாத கஷ்டத்தைக் கூட, குடித்துத் தீர்க்க வேண்டிய கிண்ணம் என்று செபத்தில் சொல்வதுண்டு. வெளியே வெள்ளி, உள்ளே தங்க முலாம், ரசம் அந்த மஞ்சளில்தான் படவேண்டும்.

இந்த வரியோடு உன் தங்கை பேனாவை வைத்துவிட்டாள். என்னடி, மை தீர்ந்துவிட்டதா என்றேன். "மஞ்சளா இருந்தது கறை இல்லையாம்மா?" என்றாள். போன வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கோயில் விளக்குத் தண்டுகளைத் துலக்க இவளை அனுப்பியிருந்தேன். கிண்ணத்தை அதுவரை கிட்ட நின்று பார்த்திராதவள், உள்ளே மட்டும் மஞ்சள் பிடித்திருக்கிறதே என்று பித்தளை துலக்கும் பொடி போட்டுக் கை வலிக்கத் தேய்த்திருக்கிறாள். வெள்ளை வெளேரென்று வந்ததும், அப்பாவுக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டாளாம். இதையும் உன் கையாலேயே எழுது என்றேன், எழுதுகிறாள்.

கடைக்காரர் எதிரே வந்தாலே சுவரோரம் ஒதுங்குகிறவள், சாமியிடம் நானே சொல்கிறேன் என்கிறாள். கூடச் சாமி வீட்டு வாசல்வரை நான் போவேன். சாவி நிற்குமோ போகுமோ தெரியவில்லை. முலாம் மறுபடி ஏற்ற எத்தனை நாள் ஆகும் என்று மேஸ்திரியைக் கேட்டு உடனே எழுது, மறந்துவிடாதே. கையுறை இல்லாமல் தொட்டியில் கை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உனக்குத் துணையாக இருக்கட்டும்.

இனி என் கோணல் எழுத்து. அவள் அப்பாவிடம் சொல்ல அடுத்த அறைக்குப் போய்விட்டாள். இப்போது அப்பா சிரிப்பது கேட்கிறது. வேலை போகப்போகிற மனுஷன், "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

உன் அம்மா