வழி விடச் சொன்ன உன் குரல்

என் வம்புக்கார அண்ணனுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் கம்ப்யூட்டரை அம்மா பழைய சேலை போட்டு மூடி வைத்திருந்தாள். அதை எடுத்தது நான்தான். எடுத்த நாளிலிருந்து இன்றுவரை எனக்குப் பயமாகவே இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

சின்னமனூர் சாந்தி அக்கா மகளின் சடங்குக்குப் பாட்டுப் போட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாயே, நினைவிருக்கிறதா? நீ இல்லை என்று தெரிந்தும் அந்த அக்கா பழனிசெட்டிபட்டிக்கு வீடு தேடி வந்தார்கள். உன் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கம்பம் ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடப் போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "நான் வர்றேன்" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் என் குரல். கல்லூரியில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு, அது எங்கிருந்து வந்தது?

ஒரு குறையும் வராமல் முடித்தால் பெட்டிகள் இருக்கட்டும், குறை வந்தால் மறுநாளே கம்பத்துக்குப் போகும் என்றார் அப்பா. சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டுப் பிள்ளை நல்ல காரியத்துக்குப் போகலாமா என்று அம்மா முணுமுணுத்தாள். சாந்தி அக்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்கள்.

"தம்பி குரல் மட்டும் அங்கன கேக்கக் கூடாது தாயி. கோவிச்சுக்காத."

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் சீர்ப் பாட்டு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நீ பேசி, அதைப் பாட்டோடு கலந்தல்லவா வைத்திருக்கிறாய்? ஐந்து நாள் உட்கார்ந்து வெட்டினேன். திரையில் உன் குரல் பச்சை நிறத்தில் மேகமலை மாதிரி ஏறி இறங்கியது. நீ எங்கே தொடங்குகிறாய், எங்கே மூச்சு விடுகிறாய் என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். சத்தத்தை அடைத்துவிட்டு, கண்ணால் மட்டும். கேட்கத் தைரியம் இல்லை. வெட்டிய பாட்டுகளை அதே பெயர்களில் புது ஃபோல்டரில் வைத்தேன். பழையதை அழிக்க மனசு வரவில்லை.

பிறகு மிக்ஸிங். திரையில் இரண்டு வட்டுகள், நடுவில் நகர்த்தும் பட்டை. ஒரு பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டின் தாளம் ஒட்டும்வரை வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பட்டையை மெல்ல நகர்த்த வேண்டும். இதை நீ பேசிக்கொண்டே செய்வாய். எனக்கு இரண்டு பாட்டும் தகர டப்பாக்கள் போல் மோதிக்கொண்டன. ஆனாலும் விட முடியாதே. தாய்மாமன் சீர் தெருமுனையில் திரும்பியதிலிருந்து தட்டுகள் வாசலில் இறங்கும்வரை பாட்டு அறுபடக் கூடாது. நடுவில் அமைதி விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நீ கேசட்டை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்ததே அதற்காகத்தானே?

சடங்கன்று காலை குட்டியானை வண்டியில் நாலு பெட்டி, ஜெனரேட்டர், நான். ஓட்டிக்கொண்டு வந்த முருகேசண்ணன் என் கையைப் பார்த்துவிட்டு, "வண்டி ஆடுதா, நீ ஆடுறியா பாப்பா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் பிள்ளையார் பாட்டு. அதில் நீ பேசியிருக்கவில்லை. சீர் தெருமுனையில் திரும்பியது. அடுத்த பாட்டுக்கு, நீ சேமித்து வைத்திருந்த பட்டியலைத் திறந்தேன். பெயர்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் பட்டியல் பாட்டைத் தேடிப் போவது உன் பழைய ஃபோல்டருக்கு அல்லவா? கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கியவள் செய்கிற தப்பா இது? தாளம் ஒட்டிவிட்ட சந்தோஷத்தில் பட்டையை நகர்த்தினேன்.

நாலு பெட்டியிலும் நீ.

"தாய்மாமன் சீர் வருது. வழி விடுங்க, வழி விடுங்க. பெரியவக எல்லாம் முன்னால வாங்க."

பிள்ளையார் பாட்டு முடிந்து மற்ற வட்டு காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அமைதி விழும். ஓடவிட்டால் நீ பேசுவாய். இரண்டில் எது அந்தப் பிள்ளைக்குக் கெடுதல்? நிறுத்தும் பொத்தானுக்கு மேலேயே என் விரல் நின்றது. தெருவில் உன்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

"போட்டது போட்டுட்ட. பாதியில நிப்பாட்டிராத" என்றார்கள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள்.

நீ முழுக்கப் பேசி முடித்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டையும் புது ஃபோல்டரிலிருந்து கையாலேயே எடுத்துப் போட்டேன். பாட்டு அறுபடவில்லை.

மறுநாள் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முருகேசண்ணன் வந்து சொன்னார். செத்தவன் குரல் கேட்டுத்தான் என்று ஊர் சொல்லுமோ? ஊர் சொல்லாவிட்டாலும் அது நிஜமோ? படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்பாய். நினைத்தேன் அண்ணா. இரண்டு நாள் அதையேதான் நினைத்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போனேன்.

அந்தப் பிள்ளையே கதவைத் திறந்தாள். முகம் வாடியிருந்தாலும் கையில் ஒரு கொத்துத் திராட்சை. பட்டுச்சேலையைக் கட்டி, சடை நிறையப் பூவை வைத்து வெயிலில் உட்கார வைத்தால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும் என்று என்னிடமே நியாயம் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு கவனிச்சீகளா? வழி விடுங்கன்னு அந்த அண்ணன் சொன்னதும் எங்க மாமா தட்டோட ஓரமா ஒதுங்கி நின்னுட்டாக. சீரு கொண்டுவந்ததே அவுகதான்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கேயே அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய்த் திராட்சையை என்னிடம் நீட்டினாள்.

சாந்தி அக்கா சிரிக்கவில்லை. சின்ன மகள் சடங்குக்கும் நான்தான் வர வேண்டும், ஆனால் அன்றைக்கு ஒழுங்காக எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வர வேண்டும் என்றார்கள்.

அப்பாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அது குறை என்றும் அவர் சொல்லவில்லை, குறை இல்லை என்றும் சொல்லவில்லை. நேற்றுக் கம்பத்துக்காரர் போன் செய்தார். "பெட்டி குடுக்க இப்பத் தோதுப்படாது. பாப்பாவுக்கு வேலை வருது" என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. கூட்டம் பயம், மைக் பயம். எல்லாவற்றையும் விட, இப்படி வெட்டிக்கொண்டே இருந்தால் உன் குரல் எனக்கே மறந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. அதனால் சொல்கிறேன்: அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அவர்களைக் கேட்காமல் உன்னைப் பேச விட மாட்டேன். அந்தப் பழைய ஃபோல்டரை அழிக்கவும் மாட்டேன். வருஷம் திரும்பும் நாளில் நம் வாசலில் பெட்டிகளை இறக்கி உன்னைப் பேச விடுவேன். அம்மா அழுதால் அழட்டும். நான் காதைப் பொத்திக்கொள்ள மாட்டேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
செல்வி