சனி, ஞாயிறு, பெங்களூர்

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. கௌதமன் வரவில்லை. போன தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. ஊரில் எல்லார் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற லீவு இவனுக்கு மட்டும் கிடைப்பதில்லை. போனில் நன்றாகத் திட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு சனி ஞாயிறு இங்க வந்துட்டுப் போங்கம்மா" என்றான்.

நான் பழனியைத் தாண்டிப் போனதில்லை. இவருக்கு மதுக்கரை குடோன், வாட்ச்மேன் வேலை, அதை விட்டால் தொண்டாமுத்தூரில் இந்த வீடு. "அங்க போயி என்னத்தப் பாக்கறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அங்க குளுருமா?"

அக்டோபர் 25, சனி

நவம்பர் 15 சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டான். காலை ரயில். ஞாயிறு சாயந்தரம் திரும்புகிறோம். அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனால் இஸ்மத் ஒரு மணி நேரம் பெங்களூர்க் கதை சொன்னாள். அவள் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர். "பத்து பாஷை பேசுவாங்கக்கா. ஆட்டோக்காரன் எல்லாத்துலயும் ஏமாத்துவான், சூதானமா இருங்க" என்றாள். 'சாப்பிட்டாயா' என்பதற்குக் கன்னடத்தில் 'ஊட்டா ஆயித்தா' என்று சொல்லிக்கொடுத்தாள். அதை என் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். மதியம் முழுக்க ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு திரிந்தன.

அக்டோபர் 29, புதன்

என் மகன் என்ன வேலை செய்துவைத்திருக்கிறான்.

அவன் இருப்பது மாடி வீடு. கீழே ஓனர் குடும்பம். காங்கேயம் பக்கத்துக்காரர்களாம், அங்கே போய் ரொம்ப வருஷம் ஆயிற்றாம். அடடா, நம்மூர் ஆட்களா என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்கப்புறம் இழுத்து இழுத்துச் சொன்னான். "வூடு பாக்கப் போனப்போ, நீங்க எந்தக் கூட்டமுங்க தம்பின்னு கேட்டாருங்கம்மா. காலேஜ்ல கூடப் படிச்ச ஒருத்தனோட கூட்டத்தச் சொல்லிப்போட்டேன்."

தோட்டம் காடு உள்ளவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. கூட்டம் என்றால் குலம், அது தெரிந்தால் உறவு தெரியும். எங்களை அப்படி யாரும் கேட்டதில்லை. எங்கள் சனத்தை, எந்த வளவு, எந்தப் பண்ணாடி தோட்டத்து ஆளு என்றுதான் கேட்பார்கள். இவரும் கௌதமன் பிறக்கும்வரை ஒரு பண்ணாடி தென்னந்தோப்பில் கூலியாளாக இருந்தவர்தான்.

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். இப்போதிருந்தே.

நவம்பர் 1, சனி

கௌதமன் மறுபடி கூப்பிட்டான். "அப்பா பேரு கேட்டா மணின்னு சொல்லீருங்கம்மா. அந்தப் பேரு வேண்டாம். உங்க பேரு பரவால்லீங்க."

வெட்கமாயில்லையாடா என்று கேட்டேன். அழுதுவிட்டான். "எத்தன வூடு ஏறி எறங்குனேன் தெரியுமாங்கம்மா? ஒருத்தரு முழுப் பேரு என்னன்னு கேட்டாரு, ஒருத்தரு கறி திம்பியான்னு கேட்டாரு. கன்னடத்துல கேட்டாங்க, இந்தில கேட்டாங்க, கடசில நம்ம பாசைலயே கேட்டாங்க. நான் என்ன பண்றது?"

பெற்ற வயிறு. அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அந்த மனுசன் கோபமே படவில்லை. "ரெண்டு நாளுதான புள்ள, இருந்துபோட்டு வரலாம்" என்றார். பிறகு சேரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேசிப் பார்த்தார். "மணிங்க. நாலு ஏக்கரா தோப்புங்க. ஆன வந்து பாழு பண்ணிப்போடுதுங்க, என்னத்தச் சொல்றது."

அச்சு அசலாக அவருடைய பழைய பண்ணாடியின் குரல். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நினைத்துக்கொண்டேன், என்ன பிழைப்பு இது?

நவம்பர் 8, சனி

வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். ஒரு வாரம் தாங்கும். ஸ்வெட்டரை இஸ்மத்திடம் இரவல் வாங்கியாயிற்று. போகத்தான் போகிறோம். என் மகன் எங்கே படுக்கிறான், எதில் சமைக்கிறான் என்று பார்த்தால் போதும் எனக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

கௌதமன் வீடியோ போனில் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். கட்டில், அடுப்பு, பால்கனி. இவர் சேரில் உட்கார்ந்து, நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் மோட்டார் விஷயமாக அந்த ஓனர் மாடிக்கு வந்தார். வெள்ளை வேட்டி. போனுக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நல்லாருக்கறீங்களா? நம்மூர்ப் பேச்சக் கேட்டு எத்தன நாளாச்சுங்க" என்றார்.

இவர் எழுந்துவிட்டார்.

எழுந்ததோடு விடவில்லை. தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்கு இறங்கிவிட்டது. முதுகு வளைந்துவிட்டது. "கும்படறனுங்க சாமி" என்றார். தோப்பை விட்டு வந்து எத்தனை வருஷம். அந்தக் குரலும் வேட்டியும் போதுமாயிருந்தது. போனுக்குப் போய்க் கும்பிடு போடுகிறார்.

அப்புறம் ஓனர் கேட்டார், "உம் பேரென்ன?"

அவ்வளவுதான், 'ங்க' போய்விட்டது. மணி என்று சொல்லியிருக்கலாம். அத்தனை தடவை சொல்லிப் பார்த்த மனுசன். "மாசாணமுங்க" என்றார்.

கட்டிய நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பேர். எழுதுவதும் இதுதான் முதல் தடவை.

நவம்பர் 10

சாப்பிடவில்லை. "என்ற பையன் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்கிறார். வேறு பேச்சில்லை. கௌதமன் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

ஓனர் மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், மாடி தேவைப்படுகிறதாம். உண்மைக் காரணத்தை யாரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. எங்கள் டிக்கெட்டையும் கேன்சல் செய்துவிட்டான். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அந்த ஓனர் மேல் இருக்கிற ஆத்திரத்தைவிட இவன் மேல்தான் ஆத்திரம்.

நவம்பர் 15, சனி

கச்சாயத்தை அங்கன்வாடியில் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

வேறு ரூம் கிடைத்துவிட்டது. ஒரிசாப் பையன், மணிப்பூர்ப் பையன், இவன், மூன்று பேர். ஓனர் ஆந்திராக்காரராம். "அம்மா, 13ஆம் தேதி சனிக்கிழம வாங்க, டிக்கெட் போட்டுட்டேன்" என்றான். எத்தனை டிக்கெட் என்று கேட்டேன்.

"ஒண்ணுங்கம்மா."

ஏன் என்றேன். மெதுவாகச் சொன்னான். "இங்கயும் அப்பாவப் பத்திக் கேட்டாங்க. நம்பர் குடு, பேசோணும்னாங்க. எனக்குப் பயமாப் போச்சு. அப்பா இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 4

"செரி உடு. செத்தவன் வாயத் தொறக்க மாட்டான், பையனுக்கும் தொந்தரவில்ல" என்கிறார். எந்த மனுசன் இப்படிப் பேசுவான்? ஸ்வெட்டரை மறுபடி வாங்கி வரச் சொல்கிறார். "ஒருத்தராச்சும் அவன் இருக்கற எடத்தப் பாத்துட்டு வரோணும் அன்பு."

டிசம்பர் 7, ஞாயிறு

பரணிலிருந்து பையை இறக்கி அவரே துடைத்துவைத்தார். நான் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அங்க எறங்கறதுக்கு முந்தி, ரயில்லயே பொட்டத் தொடச்சுக்க. தாலிய ரவிக்கைக்குள்ள உட்டுக்க. அவங்க பாத்தா கேப்பாங்கல்ல" என்றார்.

இதையும் யோசித்து வைத்திருக்கிறார். தன் பொண்டாட்டி தாலி அறுத்தவள் மாதிரி போய் நிற்பதற்கு வழி சொல்கிறார். எனக்கு எப்படியிருக்கும் என்று யோசித்தாரா? அவருக்கே எப்படியிருக்கும்?

போனை எடுத்தேன். அவர் முன்னாலேயே கௌதமனைக் கூப்பிட்டேன். "உங்கப்பன் பேரு மாசாணம். மாசாணம் உசுரோட இருக்காரு. மாசாணம் பொண்டாட்டியா வரச்சொன்னா வாரேன், இல்லீன்னா இந்தச் சென்மத்துல எனக்குப் பெங்களூரே வேண்டாம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு மாரியாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். கௌதமன், "செரிங்கம்மா" என்றான். எதற்குச் சரி என்று சொல்லவில்லை. வைத்துவிட்டான்.

டிசம்பர் 9

போன் இல்லை.

டிசம்பர் 13, சனி

டிக்கெட் போட்டிருந்த நாள். கௌதமன் இன்னும் கூப்பிடவில்லை. இஸ்மத்திடம் ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டு அங்கன்வாடிக்குப் போனேன். இவர் டூட்டிக்குப் போகும்போது துண்டு போட்டுக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் போடுவதில்லை.

மதியம் முட்டை சாதம். பிள்ளைகள் மறக்கவில்லை. "ஊட்டா ஆயித்தா டீச்சர்?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவப் போயின. ஆயித்து கண்ணு, ஆயித்து என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்.