ஒரே சாயந்தரத்தில் எடுத்த பத்து வீடியோ

மணலூர்பேட்டை
20.8.2020

அன்பு மகள் செலினாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம், டெல்லியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறோம். கொரோனா வார்டில் நாள் முழுக்க நிற்கிற உனக்கு இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் போன் உன் மகள் ஜீவா கையில் இருக்கிறது, சங்கதியே அதுதான், அதனால் தபாலில் எழுதுகிறேன்.

ஆன்லைன் வகுப்பில் பி.டி. டீச்சர் பத்து நாளைக்குத் தினம் ஒரு உடற்பயிற்சி வீடியோ கேட்டார் இல்லையா, உனக்கும் அனுப்பினோமே, வார்டில் எல்லோருக்கும் காட்டினேன் என்று நீ கூட சந்தோஷப்பட்டாயே, அந்தப் பத்தும் ஒரே சாயந்தரத்தில் எடுத்தது. ஐந்து தடவை குதிப்பாள், உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருவாள். எடுத்தவன் நானேதான். சட்டை மாத்திகினா வேற நாளுதானே தாத்தா என்றாள், எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. வாசலில் காயப்போட்ட மல்லாட்டை, அதே நிலக்கடலை, பத்து நாளும் அப்படியே கிடந்ததை டீச்சரும் பார்க்கவில்லை, இத்தனை கெட்டிக்காரி நீயும் பார்க்கவில்லை. மிச்ச நேரமெல்லாம் அவள் போனும் கையுமாகக் கட்டிலிலேதான் கிடந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது, மேல்காட்டு மல்லாட்டையை வார எல்லோரும் ஓடினோம். இரண்டு கூடை தூக்கியவள் மூன்றாவதுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், மூச்சு வாங்குது தாத்தா, முடியல என்கிறாள். இந்தக் காலத்தில் மூச்சு என்றால் வேறு என்னத்தை நினைப்பது. கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனை கொடுத்தோம், முடிவு வரும்வரை உன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன்னிடம் மறைத்தோம், மன்னித்துக்கொள். கொரோனா இல்லை. டாக்டர் எடை பார்த்தார், நோய் ஒண்ணும் இல்லீங்க பெரியவரே, அஞ்சு மாசத்துல ஏழு கிலோ ஏறிக்கீது, கொழந்தைய ஓட வுடுங்க என்றார். பயப்படாதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது வகுப்பு முடிந்ததும் போன் பீரோவுக்குள் போய்விடும், சாவி உன் அம்மாவின் இடுப்பில். காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நம் வரப்பில் மோட்டார் கொட்டகை வரை ஓடுகிறாள். முதல் நாள் பாதியிலேயே அழுதாள், இப்போது போய்த் திரும்பியும் வருகிறாள், நான்தான் பின்னால் இரைக்க இரைக்க வருகிறேன். இன்னும் இரண்டே மாதத்தில் பழையபடி ஆகிவிடுவாள், எனக்குச் சந்தேகமே இல்லை.

உன்னிடமும் ஒன்று கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதே. டியூட்டி முடிந்து வந்து வீடியோ காலில் அவளை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய். பெற்ற வயிறு, எனக்குப் புரிகிறது. ஆனாலும் இனி கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் நானே வாங்கி வைத்துவிடுவேன். நீ லீவு கிடைத்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் உன்னிடம் ஓடிவர வேண்டும் அம்மா, அதற்கு அவளிடம் மூச்சு இருக்கவேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, முகக்கவசத்தைக் கழற்றாதே. ஆண்டவர் உங்களைக் கைவிடமாட்டார்.

உன் அப்பா,
சூ. அந்தோணிதாஸ்