அண்ணன் ஜெபத்தில் இருக்கிறார்

மார்ச் 3

இன்றும் குழாயில் தண்ணீர் இல்லை. மாடி வீட்டுக்காரியிடம் சண்டை போடப் போய், அவள் முட்டி வலிக்கு ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். அண்ணனுக்குச் சிரிப்பு. "ரேடியோ எங்க போனாலும் ஒலிபரப்பு நிக்காது!"

அவர் சொல்லலாம். காலமெல்லாம் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்துக் காது பாதி போய்விட்டது. ஓய்வு பெற்று வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் இங்கேதான். என் பேச்சைப் பொறுத்துக்கொள்ள அந்தக் காது வசதி!

காலையில் அறைக்கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார். யாரும் தட்டக் கூடாது. அண்ணி போட்ட சட்டம். "அங்க என்ஜின் சத்தத்துல கத்திக் கத்தி ஜெபம் பண்ண மனுஷன். இங்கயாவது ஆண்டவர்கிட்ட மெதுவாப் பேசட்டும்."

மார்ச் 12

அண்ணன் போயிட்டார்.

மார்ச் 14

அடக்கம் முடிந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை. யாரிடமும் பேசவும் முடியவில்லை. நானா இது?

அன்று ஜெபம் நீண்டுகொண்டே போனது. காபி ஆறிவிட்டது. கதவருகில் போய், "அண்ணே" என்றேன். பதில் இல்லை. அந்தக் காதிலிருந்து பதில் எப்போது வந்திருக்கிறது? தட்டக் கையை ஓங்கினேன். அண்ணி பின்னாலிருந்து கையைப் பிடித்தார்கள்.

"விடு. ஜெபத்துல இருக்காரு."

நானும் காபியைச் சூடு பண்ணப் போனேன். மறுபடி ஆறியது. மறுபடி சூடு பண்ணினேன். கடைசியில் அண்ணிதான் கதவைத் திறந்தார்கள். தலை குனிந்து, கை கோத்து, ஜெபத்தில் இருக்கிற மாதிரியேதான் இருந்தார். தொட்டதும் சாய்ந்துவிட்டார்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்சம்தான் எங்கள் இரண்டு பேரையும் தின்கிறது.

அண்ணி அதற்குப் பிறகு ஜெபத்துக்கு முழங்கால் போடவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால்கூட வாய் திறக்கவில்லை.

மார்ச் 16

அண்ணன் மகள் வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே பிள்ளை. வைத்தியமெல்லாம் அவளுக்குத் தெரியும். எதைச் சொல்லி மறைக்க?

"அத்தை, யாருமே கதவத் தட்டிப் பாக்கலையா?"

அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் கண்ணு, ஜெபத்துல இருக்காருன்னு விட்டுட்டேன்" என்றேன்.

ஆண்டவரே, பொய்தான். இந்த ஒன்றை என் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

மார்ச் 17

என்னோடு பேச மாட்டேன் என்கிறாள். நான் போட்ட சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிறாள். வைக்கட்டும். அம்மாவிடமாவது பேசுகிறாளே.

மார்ச் 20

நினைவுக் கூட்டம். கூட வேலை பார்த்த கப்பல்காரர் ஒருவர் பேசினார். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அண்ணன் முதலில் ஜெப வீட்டைத்தான் தேடுவாராம். பாஷை புரியாது. மற்றவர்கள் ஆமென் சொல்லும்போது இவரும் சொல்வாராம். "ஒரு தடவை அது ஜெபமே இல்ல, ஏதோ அறிவிப்பு. இவர் மட்டும் சத்தமா ஆமென்!" சபை முழுக்கச் சிரித்தது.

பிறகு மகள் எழுந்தாள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அவள் காலைத் தாளில் வரைந்து எடுத்துப் போவார். திரும்பி வரும்போது அந்த அளவுக்கே செருப்பு வரும். கால்தான் வளர்ந்திருக்கும். "ஒரு ஜோடிகூடப் பத்தல. எதையும் தூக்கிப் போட மனசு வரல" என்றவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அண்ணி எழுந்தார்கள். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"அவ தட்டத்தான் போனா. நான்தான் கையப் பிடிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார்கள். போதகர் அவசரமாகப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

மார்ச் 21

மகள் அண்ணன் அறையிலேயே படுத்திருக்கிறாள். அண்ணி கூடத்தில். நடுவில் அந்தக் கதவு, சாத்தியபடி.

மார்ச் 24

காலையில் மகள் தச்சரைக் கூட்டி வந்தாள். "கதவு நல்லாத்தானே இருக்கு? எதுக்கும்மா கழட்டணும்?" என்றார் அவர். "கழட்டுங்கண்ணே" என்றாள். இன்னும் நாங்கள் இரண்டு பேருமே அவளுக்கு ஆகாது. எனக்காவது "காபி" என்று ஒரு வார்த்தை கிடைத்தது.

ஏப்ரல் 6

அவள் நாளை ஊருக்குத் திரும்புகிறாள். இன்று அண்ணி தானாகவே போய் அண்ணன் நாற்காலிக்கு முன்னால் முழங்கால் போட்டார்கள். மகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில், "அம்மா?"

"இருக்கேன்டி."

இன்னும் ஒரு சட்டை மடித்தாள். "அம்மா?"

"இருக்கேன்."

ஆமென் வருவதற்குள் எத்தனை தடவை கூப்பிட்டாளோ. அண்ணன் மாதிரி இடையில் நிற்காத ஜெபம் இனிமேல் இந்த வீட்டில் யாருக்கும் கிடைக்காது.

நாளையிலிருந்து அப்படி இடையில் கூப்பிடுவது என் வேலையாம். பெட்டி கட்டுகிற அவசரத்தில், என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள். சொன்னாளே.