எருமைப் படம் போட்ட தம்பிக்கு

தம்பி, நல்லா இருக்கியா? திட்டுற போன் தாங்காம நீ நம்பர நிறுத்திட்ட. அதான் எழுத்துக்கூட்டி எழுதி, துபாய் திரும்புற உபைத் பாய் கையில குடுத்து விடுறேன்.

இங்க தா.பழூர் பக்கம் நல்ல மழை. எரும கன்னு போட்ருக்கு, கெடேரி. ஊர் வாட்ஸ்அப் குரூப்புல நீ கட்சித் தலைவர் மூஞ்சிய ஒட்டிப் போட்டியே, அதே எருமதான். நானும் விழுந்து விழுந்துதான் சிரிச்சேன்.

அந்தக் கட்சிக்காரப் பசங்க நாலு பேரு தெனம் சாயங்காலம் வந்தாங்க. மரியாதையான பசங்க. "சிரிப்புன்னா நாங்களும் சிரிப்போம்ண்ணே. அதுக்காக எங்க தலைவர எருமையாக்கலாமா?"ன்னான் ஒருத்தன்.

"எரும என்னப்பா மட்டம்? எட்டு லிட்டர் கறக்குது. ஒங்க தலைவர் என்னத்தக் கறந்தாரு?"ன்னேன். இன்னொருத்தன் சிரிச்சுட்டான். மத்தவங்க பாத்த பார்வையில வாய மூடிக்கிட்டான்.

எனக்குக் கத ஆரம்பிச்சா நிக்காதே. ஒன் அண்ணி உள்ளேருந்து இருமி இருமிக் காட்டுனா. பசங்க டீயக் குடிச்சுக்கிட்டு அவ்வளவு ஆசையாக் கேட்டாங்க. கெணறு வெட்டுன கத, அப்பா ஜெயங்கொண்டம் சந்தையில மாட்டத் தொலைச்ச கத, நீ மொதல்ல பிளேன் ஏறுன கத எல்லாம் சொன்னேன். "தம்பி அடுத்து எப்பண்ணே வராரு?"ன்னாங்க. பேச்சோட பேச்சா, பதினெட்டாந்தேதி காலையில திருச்சியில எறங்குறான், தனியாத்தான் கார் புடிச்சு வருவான்னு சொல்லிப்புட்டேன்.

அன்னைக்கு எந்திரிச்சுப் போனவங்கதான். அப்பறம் ஒருத்தனும் வூட்டுப் பக்கம் வரல.

டிக்கெட்ட மாத்திரு தம்பி. எந்தத் தேதின்னு எனக்குச் சொல்லாத.

வாய் அடங்காத
ஒன் அண்ணன்